ஆடு போகிற தடம்

மேப்பு ஓட்டத்தின் அந்த வருடத்துக் கடைசிப் போட்டி கருங்கோட்டு மலையில்தான் என்று முடிவாகி, அதற்கான வரைபடம் எங்கோ தூர தேசத்து அச்சகத்தில் அச்சாகி மை காய்ந்த அன்று காலை, கீழக்கொம்பை காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகிற பாதை இல்லாமல் போயிற்று.

முதலில் பார்த்தவள் வீராயி. முந்தைய நாள் புதைத்த பக்கத்து வீட்டுக்காரருக்குப் பால் தெளிக்கப் போனவர்களுக்கு முன்னால் செம்போடு நடந்தவள், புளியமரத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். தலைமுறை தலைமுறையாகப் பாடை போய் வந்து, ஐப்பசி மழையிலும் புல் முளைக்காமல் வெளுத்துக் கிடந்த தடத்தில் சூரைமுள்ளும் இண்டங்கொடியும் இடுப்புக்கு மேல் பின்னிக் கிடந்தன. நேற்று முளைத்த முள்ளாக இருந்தால் பச்சையாக இருந்திருக்கும். இது அடியில் பட்டை உரிந்து, உச்சியில் பழைய குருவிக்கூடு காய்ந்து, நடுவில் ஆளுயரக் கரையான் புற்றோடு, அங்கே ஒருநாளும் ஒரு மனிதக் கால் பட்டதில்லை என்பதுபோல் நின்றது. இளவட்டங்கள் அரிவாளோடு வெட்டிக்கொண்டே நேராகப் போனார்கள். நேராகப் போனவர்கள் கொஞ்ச நேரத்தில் காலனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெளியே வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் வெட்டிய இடம் மூடிக் கிடந்தது. பாலைப் புளியமரத்தடியில் ஊற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த நேரத்தில் வீராயியின் அண்ணன் மகள் நாகஜோதி, நார்வே நாட்டில் ஒரு சதுப்புக் காட்டில் தொடையளவு சேற்றில் நின்று, கையிலிருந்த வரைபடத்தைத் திசைகாட்டிக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த விளையாட்டு அப்படி. முன்பின் பார்க்காத காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. அங்கங்கே கட்டியிருக்கும் ஆரஞ்சு வெள்ளைக் கொடிகளை வரிசை மாறாமல் தொட்டுவிட்டு முதலில் வந்து சேர்கிறவர் ஜெயித்தவர். ஓரியன்டீரிங் என்று பெயர். காலனியில் அதை மேப்பு ஓட்டம் என்றார்கள். துணை ராணுவத்தில் சேர்ந்த புதிதில் அவளைக் காட்டுக்குள் விட்டபோது மற்றவர்கள் இருட்டும்வரை சுற்றிக்கொண்டிருக்க, அவள் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டாள் என்பதால், இப்போது இந்தியாவின் பெயர் போட்ட பனியனோடு நாடு நாடாக ஓடிக்கொண்டிருந்தாள். சேறு காயாத காலோடு அவள் கூடாரத்துக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாதையக் காணோம்டி" என்றாள் வீராயி.

"எந்தப் பாதை அத்தே?"

"நமக்கு எத்தனை பாதை இருக்கு? ஊருக்குள்ள போறது அவங்களோடது. பஸ்ஸுக்குப் போறது கவர்மெண்டோடது. நம்மளதுன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

பாதை எப்படிக் காணாமல் போகும் என்று நாகஜோதி கேட்கவில்லை. யார் செய்தது என்றுதான் கேட்டாள்.

அது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. கோடைக்கு முன்பு பின்லாந்திலிருந்து யூக்கா என்று ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் வந்து, மலையையும் ஊரையும் வரைபடம் போடுவதற்காக மேலக்கொம்பையில் ஊராட்சித் தலைவர் ரெங்கராசு வீட்டு மாடியில் தங்கியிருந்தார். நல்ல மனுஷர். முழங்கால் உயரத்துக்கு மேலே ஒரு எறும்புப் புற்று இருந்தால்கூடக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். புளியமரத்தடிக்கு வந்தவர், வெளுத்துக் கிடந்த தடத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கூட வந்த ரெங்கராசு சொன்னார்:

"அது ஆடு போற தடம். மனுசர் போறதில்லை."

ஆடு மாடு போகும் தடங்களைப் போடுவதில்லை என்பது யூக்காவின் தொழில் வழக்கம். அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அப்படியாகச் சுடுகாடு இருந்த இடம் வரைபடத்தில் வெறும் வெள்ளையாயிற்று. வெள்ளை என்றால் ஒன்றுமில்லாத காடு, தாராளமாக ஓடலாம் என்று பொருள். மேலக்கொம்பையில் தெருக்களை விட்டுவிட்டு வீடுகளை மட்டும் ஊறுகாய்ப் பச்சையில் பூசியிருந்தது. கீழக்கொம்பை காலனியைத் தெருவோடு சேர்த்து ஒரே பச்சையாகப் பூசியிருந்தது. அந்தப் பச்சை, ஓட்டக்காரர் கால் வைக்கக் கூடாத இடத்துக்கான நிறம்.

"எப்பவும் இருக்கறதுதான" என்றார் நாகஜோதியின் அப்பா சடையாண்டி. "இப்பக் கலரு அடிச்சிருக்கான்."

காலனி அந்த முள்ளோடு வாழப் பழகிய விதம் இப்படி இருந்தது. முதல் வாரம் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே தாசில்தார், போட்டிக்கு வரப்போகிற பெரிய அதிகாரிகளுக்காக மேசைக் கண்ணாடிக்கு அடியில் அதே வரைபடத்தைப் பரப்பி வைத்திருந்தார். விரலால் தேடிப் பார்த்துவிட்டு, இல்லாத பாதையில் ஆக்கிரமிப்பை நான் எப்படியம்மா அகற்ற முடியும் என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். இரண்டாவது வாரம் ரெங்கராசுவிடம் போனார்கள். டவுனில் மின்மயானம் இருக்கிறது, வண்டி நானே தருகிறேன், சாம்பலைச் சொம்பில் வாங்கி வந்துவிடலாம் என்றார் அவர். மூன்றாவது வாரம் காலனி கூடிப் பேசி, போட்டி முடிந்து வரைபடத்துக்கு வேலை இல்லாமல் போகும்வரை யாரும் சாவதில்லை என்று முடிவெடுத்தது. எங்கும் கேள்விப்படாத அந்த முடிவுக்குக் காலனி வெகு சீக்கிரம் பழகியது. இழுத்துக்கொண்டு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். பாம்பு கடித்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தானே சைக்கிளில் போனான். இருமி இருமி முதுகு வளைந்த ஒருவர், "அவனுக பந்தயம் முடியற வரைக்கும் நான் மூச்சு வாங்கிக்கிட்டே இருக்கணுமா, இது என்னடா நியாயம்" என்று சண்டைக்கு வந்தார். ஆனாலும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். வெளியூரிலிருந்து பெண் எடுக்க வந்தவர்கள்கூட முள்ளைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் கிணறு போயிற்று, உங்கள் ஊரில் பாதை போயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார்கள்.

சடையாண்டி கிணறு வெட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருக்கிற கிணறுகளில் பாதி அவர் இறங்கி வெட்டியது, ரெங்கராசுவின் தென்னந்தோப்புக் கிணறு உட்பட. பாறைத்தூள் ஏறி ஏறி நுரையீரல் கல்லாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவிட்சர்லாந்தில் மலைமேல் ஒரு போட்டி முடிந்து நாகஜோதி போன் செய்தபோது, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு கிணற்றின் ஆழத்துக்கு மூச்சை இழுத்துப் பேசினார்.

"அங்கயும் மேப்புதானா?"

"ஆமாப்பா. இங்க எல்லாத்துக்கும் அடையாளம் போட்டிருக்காங்க. போன போட்டியில ஒரு மேடு. எவனோ ஒருத்தன் கரி சுட்ட எடமாம். அவன் செத்து எரநூறு வருசமிருக்கும்கறாங்க. அவனுக்கும் ஒரு புள்ளி இருக்கு. எறும்புப் புத்துக்கும் இருக்கு."

"நம்ம எறும்பாப் பொறந்திருக்கணும்." சிரித்து, சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "இந்தா பாரு. என்னை அந்தக் கரண்டு அடுப்புல கொண்டுபோய் வச்சிராதீங்க. உங்கம்மா பக்கத்துல எடம் கெடக்கு. நானே அளந்து வச்சது. வேற எங்கயும் எனக்குத் தூக்கம் வராது."

"கடைசிப் போட்டி நம்மூர்லதான். வந்துருவேன்."

"வா. ஆனா வீட்டுக்கு வர முடியாதாமே?"

அதுவும் அந்த விளையாட்டின் விதி. போட்டி நடக்கிற இடத்தைப் போட்டியாளர் முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாது. கருங்கோட்டு மலை என்று அறிவித்த நாளிலிருந்து, அந்த மலையும் அதன் அடிவாரமும் அந்த அடிவாரத்தில் அவள் பிறந்த வீடும் அவளுக்குத் தடை. தெரிந்தேதான் சம்மதித்திருந்தாள். உலகமெங்கும் எல்லாருக்கும் பொதுவான விதி என்று அப்போது அது கௌரவமாகக்கூட இருந்தது. எல்லாருக்கும் பொதுவான விதி தன் வீட்டு வாசலில் மட்டும்தான் வந்து நிற்கிறது என்பது, செக் நாட்டுப் பாறைகளுக்கு நடுவில் ஒரு கொடியைத் தேடி ஓடும்போது அவளுக்குத் திடீரென்று உறைத்தது. அன்றைக்குக் கொடியைத் தாண்டி வெகுதூரம் ஓடிவிட்டாள்.

போட்டிக்கு முந்தைய நாள் காலை சடையாண்டி, காலனியின் முடிவை மீறி இறந்துபோனார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த முதுகு வளைந்த மனிதர்தான் முதலில் வந்து, காலைத் தொட்டு, "நீ தைரியசாலிடா மாப்ளே" என்றாராம்.

மலைக்குக் கீழே டவுன் விடுதியில் அணி தங்கியிருந்தது. பயிற்சியாளர் மெர்சி, நடுவர்களிடம் போய்ப் பேசிவிட்டு முகம் சிவந்து வந்தாள்.

"போகலாமாம். போனால் நாளைக்கு ஓட முடியாதாம். துக்கத்துக்காக விதியை மாற்றினால் நாளைக்கு எல்லாருக்கும் ஒரு துக்கம் வந்துவிடுமாம். நீ கிளம்பு நாகஜோதி. ஓட்டம் போனால் போகட்டும்."

அவள் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியும் விட்டாள். அப்போதுதான் வீராயி பேசினாள். பின்னால் ஒப்பாரி கேட்டது. ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமுவதும் கேட்டது.

"நீ வந்து என்னடி செய்யப் போற? அழறதுக்கு இங்க ஆளு இருக்கு. சாராயம் குடிச்சிட்டு ஆடறதுக்கும் ஆளு இருக்கு. தூக்கிக்கிட்டுப் போகத்தான் பாதையில்ல. ரெங்கராசு வண்டிய அனுப்பி வாசல்ல நிறுத்திட்டான். எத்தனை நேரம்டி எங்கண்ணனப் பெட்டியில வச்சிக்கிட்டு அந்த வண்டியப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அத்தே. வண்டியில மட்டும் ஏத்திராதீங்க."

பையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவள் பத்திரிகைக்காரர்கள் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள். வருடம் முழுக்க முதல் இடத்திலிருந்த ஸ்வீடன்காரி இங்ரிட்டிடம், இந்த வெயிலில், இந்த முள்ளில் எப்படி ஓடுவீர்கள் என்று கேட்டார்கள். "சுலபம்" என்றாள் இங்ரிட். "நாகஜோதி இந்த மண்ணில் பிறந்தவள். வரைபடத்தில் இல்லாத குறுக்குவழியெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினால் போதும்." எல்லோரும் சிரித்தார்கள். நாகஜோதியும் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொன்ன பேச்சுத்தான். ஆனால் அந்த அறையில் இருந்த ஒவ்வொருத்தியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது, சிரிப்பு நின்றபிறகு தன்மேல் விழுந்த பார்வைகளில் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை ரெங்கராசு பச்சைக்கொடி அசைக்க, பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். முதல் கொடிகள் மலைச்சரிவில். நாகஜோதி முன்னாலும் போகாமல் பின்னாலும் தங்காமல் ஓடினாள். மேலேயிருந்து பார்த்தபோது காலனியில் தங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த சாமியானா, நனைந்த துணி காய்வதுபோல் சின்னதாகத் தெரிந்தது. நின்று பார்க்கவில்லை. சரிவிலிருந்து இறங்கியதும் அடுத்த கொடி, ரெங்கராசு கேட்டு வாங்கித் தன் தென்னந்தோப்பில் கட்டவைத்தது, மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், சடையாண்டி வெட்டிய கிணற்றின் சுவரோரம். அதைத் தொட்டவள், திசைகாட்டியை வரைபடத்தின் மேல் வைத்தாள். அடுத்த கொடி இடப்பக்கம் ஓடைப் பாறையில். அவள் திசைகாட்டியை வலப்பக்கம், வெறும் வெள்ளையாக விட்டிருந்த இடத்துக்குத் திருப்பினாள். தோப்பிலிருந்து அந்த வெள்ளைக்குப் போகிற நேர்கோடு மேலக்கொம்பையின் பெரிய தெருவை நடுவில் வெட்டிக்கொண்டு போயிற்று. அவள் கோட்டை வளைக்கவில்லை.

தோப்பு வரப்பில் அவள் பாய்ந்து இறங்கியபோது, ஓடைப்பக்கம் திரும்பியிருந்த இங்ரிட் நின்றாள். ஒரு நொடி வரைபடத்தைப் பார்த்தாள்; ஒரு நொடி நாகஜோதியின் முதுகைப் பார்த்தாள். பிறகு திரும்பி அவள் பின்னால் ஓடினாள். இங்ரிட் ஓடியதைப் பார்த்து நார்வேக்காரிகள் ஓடினார்கள், நார்வேக்காரிகளைப் பார்த்து சுவிஸ்காரிகள், அவர்களைப் பார்த்துச் சரிவில் வந்துகொண்டிருந்த மிச்சப்பேர் எல்லாம். உலகத்தில் எந்தக் காட்டிலும் வழி தவறாத பெண்கள், ஆணி வைத்த காலணிகளோடு, மேலக்கொம்பைப் பெரிய தெருவின் சிமெண்டுத் தரையில் ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஊர்க்காரர்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். ரெங்கராசு வீட்டுப் பெண்கள் சொம்பில் மோர் நீட்டினார்கள்.

தெரு முடிந்ததும் முள். நாகஜோதி உள்ளே போனாள். இண்டங்கொடி பனியனைப் பிடித்து இடப்பக்கம், தண்ணீர்த் தொட்டி இருக்கிற பக்கமாகத் திருப்பிவிடப் பார்த்தது. பாதையைத் தேடிப் போனவர்களையெல்லாம் அது அப்படித்தான் திருப்பி அனுப்பியிருந்தது. அவள் பாதையைத் தேடவில்லை. உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டிருந்த திசைகாட்டி முள்ளை மட்டும் பார்த்து, அது காட்டிய பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனாள். கன்னம் கிழிந்தது. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. கிழிந்த இடம் எரிய எரிய அவளுக்குக் கோபம் பெருகிற்று: கரி சுட்டவனுக்குப் புள்ளி வைத்தவர்கள்மேல், புற்றைக் குனிந்து பார்த்தவர்மேல், கூடவந்து பொய் சொன்னவர்மேல், விதியைக் காட்டித் தன்னை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள்மேல், அதற்கெல்லாம் சரி என்று தலையாட்டிய தன்மேல். பின்னால் நூறு ஜோடிக் கால்கள் சூரைமுள்ளை மிதித்து முறித்துக்கொண்டு வந்தன. அவள் ஒருத்திக்காக மூடிக்கொள்ளத் தெரிந்த முள்ளுக்கு, அத்தனை பேருக்குப் பிறகு மூடிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

வெளிச்சமான இடத்துக்கு வந்ததும் நின்றாள். மண்மேடுகள், சாய்ந்த கற்கள், அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் நாலு மூலைக்கும் குச்சி அடித்து அப்பா அளந்து வைத்திருந்த இடம். பெண்கள் ஒவ்வொருவராக மூச்சிரைக்க வந்து, கொடியைத் தேடி மேடுகளுக்கு நடுவில் சுற்றினார்கள்.

"கொடி எங்கே?" என்று கத்தினாள் இங்ரிட்.

"இங்கே கொடி இல்லை."

"பின்னே இங்கே என்ன இருக்கிறது?"

"எங்கள் ஆட்கள்" என்றாள் நாகஜோதி.

இங்ரிட் குனிந்து காலடியில் பார்த்தாள். தான் நிற்பது எதன்மேல் என்று தெரிந்ததும் மெல்ல நகர்ந்து, தொப்பியைக் கழற்றினாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஸ்வீடிஷ் வசவுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினாள். எல்லாரும் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். அதனால் அந்தத் தடம் இருமுறை மிதிபட்டது.

போட்டியில், கடைசியாக வந்துகொண்டிருந்து யார் முதுகும் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒரு லாட்வியாக்காரி ஜெயித்தாள். நடுவர்கள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அடுத்தவரைப் பின்தொடர்ந்து ஓடக் கூடாது என்பது அந்த விளையாட்டின் விதிகளில் பெரிய விதி. ஆகையால் உலகத்தின் முதல்தரமான ஓட்டக்காரிகள் அத்தனை பேரும், யாரையும் பார்க்காமல், தாங்கள் தனித்தனியாகத் தப்புச் செய்து, தனித்தனியாக அதே சுடுகாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதனால் நாகஜோதியின்மேல் புகார் சொல்ல யாருமில்லை.

மத்தியானம் காலனியிலிருந்து மேளச் சத்தம் கிளம்பியது. பழைய பாதை புளியமரத்துக்குப் பின்னால் மூடியேதான் கிடந்தது. சுடுகாட்டுக்கு இப்போது இருக்கிற ஒரே வழி, பெரிய தெரு வழி. நம்பர் ஒட்டிய பனியனோடு, கிழிந்த கன்னத்தோடு நாகஜோதி பாடைக்கு முன்னால் நடந்தாள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வருவதா என்று காலனியிலேயே ஒருத்தர் ஆரம்பித்தார். "அவதான்டா அங்க போயிட்டு வந்தவ, உனக்கு வழி தெரியுமா?" என்று வீராயி கேட்டதும் விலகி நின்றார்.

தெருமுனையில் ரெங்கராசு கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வழியா உங்க பொணம் போனதே இல்ல."

"வேற வழி காட்டுங்கய்யா" என்றாள் வீராயி. "ஆடு போற தடம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் நீங்க வாயாலயே மேஞ்சிட்டீங்க."

"தெரு தாண்டுனா முள்ளு. அங்க பாதையே கெடையாது. வேணும்னா அவரக் கேளு." ரெங்கராசு ஆள் அனுப்பி யூக்காவைக் கூட்டிவந்தார்.

யூக்கா தெருக்கோடிவரை நடந்து போனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். முறிந்த சூரைமுள்ளைப் பார்த்தார். ரெங்கராசு அவர் காதில் ஏதோ சொன்னார். பார்த்ததைப் போடாமலிருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. பாடையோடு வந்திருந்த மெர்சியின் பக்கம் திரும்பி, கால் பட்டிருக்கிறது, பாதைதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"போன தடவை ஏன் போடவில்லை?" என்று நாகஜோதி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அது ஆடு போகிற தடம் என்று சொன்னார்கள்."

"அந்த ஆடு நான்தான்."

யூக்கா அவள் முகத்தைப் பார்த்தார். வரைபடத்தைத் தான் வந்த ஜீப்பின் மேல் விரித்து, பெரிய தெருவின் முனையிலிருந்து வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோட்டை அழுத்திப் போட்டார். அவர் போடப் போட, முள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, தூசி படிந்து, மண் இறுகி வெளுத்தது.

மேளம் மறுபடி எழுந்தது. ரெங்கராசு ஒதுங்கித் தன் வீட்டுப் படியில் ஏறி நின்றார். பாடை அவர் வீட்டுக்கு நேராக வந்தபோது வீராயி கையை உயர்த்தினாள்.

"தோள் மாத்தணும். எறக்கி வைங்கடா."

"இங்கயா?" என்றான் முன்னால் தூக்கி வந்தவன், குரல் இறங்கி.

"இங்கதான். எல்லாரும் தண்ணி குடிங்க. மெதுவாக் குடிங்க."

இறக்கி வைத்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒரு குடம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. எவ்வளவு நேரம் என்று படியிலிருந்து ரெங்கராசு கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. நாகஜோதி அப்பாவின் தலைமாட்டில், சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றிக் காசைச் சரியாக வைத்தாள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, நிற்காமல் வேகமாக நடந்தே ஆயுள் முழுக்க அந்தத் தெருவைக் கடந்த சடையாண்டி, அன்று அதன் நட்டநடுவில் வெயில் முகத்தில் விழ, எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தார்.